விலையில்லாப் பிரதி

மடல் என்ற வாசிப்புக் கருவி முதன்முதலில் கடைக்கு வந்தபோது அதன் விலை சுகந்தியின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே இருந்தது. அதனால் அதை வெறுப்பதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. புத்தகம் என்றால் காகிதம், மடலில் படிப்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கைதியோடு பேசுவதுபோல என்று ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் படிக்கிறவர்கள் இல்லை. தலையாட்டினார்கள்.

மறு வருடம் விலை பாதியானது. அடுத்த தீபாவளிக்கு ஒரு சுமாரான பட்டுச் சேலையின் விலைக்கு வந்து நின்றது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவளுக்கு இரண்டு எண்ணங்கள் ஒன்றாக வந்தன. இப்போது வாங்கிவிடலாமே என்பது ஒன்று. இவர்கள் ஏன் இப்படி இறக்குகிறார்கள் என்பது இன்னொன்று. கத்தரிக்காய் விலை இறங்கினால் வரத்து அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். மடல் என்ன தோட்டத்திலா காய்க்கிறது?

அதற்குள் மற்றவையும் மாறிவிட்டன. ஜங்ஷனில் அவள் வழக்கமாகப் போகும் புத்தகக் கடை செல்போன் உறை விற்கும் கடையானது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக அச்சிடுவதை நிறுத்தின. அவளுக்கும் நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தது. கடைசியில் மடலின் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு இறங்கி, அந்தப் பொங்கலுக்கு ஒன்றுமே இல்லாமல் ஆனது. கம்பெனியே முகவரி கேட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தது. விலையில்லா மடல் என்று பெட்டியில் போட்டிருந்தது. இனி வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

திறந்ததும் ஒரு நீண்ட பக்கம் வந்தது. எல்லாரையும்போல அவளும் படிக்காமல் கடைசிக்குத் தள்ளி, சம்மதம் என்ற இடத்தைத் தொட்டாள்.

எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ள முடிந்தது. ஆயிரம் புத்தகம் கைப்பையில் கிடந்தது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு விளம்பரம் வரும், அவ்வளவுதான். முதல் வாரத்தில் பழகியது. முதல் மாதத்தில், இத்தனை வருடம் வீம்பு பிடித்தோமே என்று இருந்தது.

சுகந்தி எக்ஸ்ரே எடுக்கிறவள். வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வேலை. ஒரு நாளில் அவள் மனிதர்களோடு பேசுவதில் பெரும்பகுதி மூன்றே வார்த்தைகள்: மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க. விட்டவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெருமாள்புரத்து வாடகை வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கல்யாணமான மறு வருடம் மஸ்கட் போன கணவன் முதலில் பணம் அனுப்பினான், பிறகு போன் செய்தான், பிறகு வக்கீல் மூலம் விவாகரத்து கேட்டான். அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அவனை அவள் இப்போது நினைப்பதுகூட இல்லை. ஆனால் மாலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால், அது எதிர்வீட்டுக்குத் திரும்பும்வரை கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அது ஒரு பழக்கம்.

மடல் வந்தபின் வாசிப்பு அவளுக்கு வேறாக ஆனது. முன்பெல்லாம் பாதிப் புத்தகங்களை அலுத்துப்போய் மூடியிருக்கிறாள். இப்போது எடுத்த எதையும் வைக்க முடியவில்லை. எல்லா எழுத்தாளர்களும் திடீரென்று நன்றாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். செத்துப்போனவர்கள்கூட. அவளுக்கென்றே உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. ஒரு நோயாளி போய் அடுத்த நோயாளி வருவதற்குள் இரண்டு பக்கம், பஸ்ஸில் நான்கு பக்கம், இட்லி வேகும் நேரத்தில் மூன்று பக்கம். ஐந்து வருடம் இப்படிப் போனது. தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு அநேகமாக அவளுக்கு மறந்தே போனது.

அப்போதுதான் ‘வெள்ளைத்தரை’யைப் படித்தாள். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. எழுதியவர் எப்போதோ இறந்துவிட்டார். அந்த வீட்டு மூன்றாவது பெண் பவுனு ஒரு நாள் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. அப்பா எழுந்து போய்த் திறக்கிறார். பவுனு நிற்கிறாள். சுகந்தி அந்த இடத்தைப் பலமுறை படித்தாள். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஐந்து வருடத்தில் முதல்முறையாகத் தோன்றியது.

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அந்த மாதம் ‘வெள்ளைத்தரை’ பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாவலின் மொழி, காலம், உப்பளத் தொழிலாளர் நிலை என்று பொதுவாகப் பேசினார்கள். கதைக்குள் போய்ப் பேசியவர் ஒருவர்தான். செல்வின் ஜெபராஜ் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"பவுனு சாவுத அந்த அத்தியாயம் இருக்கே," என்றார் அவர், "அத மாதிரி ஒண்ணு நான் படிச்சதே இல்ல."

சுகந்தி தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னாள். "பவுனு சாகலியே சார்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன சொல்லுதீங்க மேடம்?"

"அவ திரும்பி வாராளே. கடைசியில மழையில வந்து கதவத் தட்டுதா. அவங்க அப்பாதான் திறக்காரு."

செல்வின் அவளைப் பார்த்தார். முதலில் குழப்பம் இருந்தது. பிறகு அது கோபமானது. "படிக்கலன்னா படிக்கலன்னு சொல்லிருங்க. அந்தப் பிள்ளை சாவுறதுதான் அந்தப் புஸ்தகமே. அத இல்லேன்னு சொல்லாதீங்க."

"நான் நாலு தடவ படிச்சிருக்கேன் சார்."

"எந்தப் புஸ்தகத்த?"

யாரோ சிரித்தார்கள். கூட்டம் நடத்துகிறவர், "படிக்காம வாரவங்களும் வரலாம், ஒண்ணும் தப்பில்ல, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாம்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மற்றவர்களுக்கு யார் சொல்வது சரி என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. ஒருவரும் கடைசிவரை படித்திருக்கவில்லையோ, அல்லது அவர்களும் வேறு எதையோ படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ. சுகந்தி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு டீ வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

பஸ் நிறுத்தத்திலேயே மடலைத் திறந்து பார்த்தாள். மழை பெய்தது. கதவு தட்டப்பட்டது. பவுனு நின்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடலின் உதவி எண்ணுக்கு போன் போட்டாள்.

"மடல் உதவி மையம், ஹரிணி பேசறேன். சொல்லுங்க மேம்."

"ஒரே புஸ்தகம் ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா இருக்குமாம்மா?"

"உங்களோடது விலையில்லா மடலா மேம்?"

"ஆமா."

"அப்போ இருக்கும் மேம். அதுல ஒத்திசைவு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"அப்படின்னா?"

"மேல சின்னதா ஒரு கருப்புப் புள்ளி இருக்கு பாருங்க, அது கேமரா. உங்க கண்ணு எந்த வரியில நிக்குது, எதைத் தாண்டிப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க நிக்கிறது அதிகமாகும். தாண்டுறது குறைஞ்சிடும். முதல்ல ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. போகப்போகக் கதையும் உங்களுக்கு ஏத்த மாதிரி வந்துடும். சம்மதப் பக்கத்துல எல்லாம் போட்டிருக்கோம் மேம்."

சுகந்தி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அப்போ எழுதினவரு எழுதினது எங்க இருக்கு?"

"அது நிலைப்பிரதி மேம். அதுக்கு மாசச் சந்தா இருக்கு." அந்தப் பெண் தொகையைச் சொன்னாள். சுகந்தியின் வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்தது.

"முந்தி விலைக்கு வித்தீங்களே, அது?"

"அது எல்லாமே நிலைப்பிரதிதான் மேம். விலைய இறக்க இறக்க இது வந்தது. ஜனங்க நிறைய நேரம் படிச்சாத்தானே கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகும்?" அவள் குரலில் ஒளிவுமறைவு இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஒரு பக்கம் மாறிட்டா, பழையபடி பாக்க முடியுமா?"

"முடியாது மேம். மாறினா மாறினதுதான், பழசைச் சேத்து வைக்கறதில்லை." பிறகு அக்கறையோடு கேட்டாள். "மேம், இந்த அஞ்சு வருஷத்துல நீங்க படிச்சதுல ஏதாவது பிடிக்காமப் போச்சா?"

சுகந்தி யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் ஒன்றுமில்லை. அதைத்தான் சொன்னாள்.

"அப்போ நல்லாத்தானே மேம் இருக்கு," என்றாள் ஹரிணி. கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள்.

அன்று மாலை சுகந்திக்கு எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை. யாரும் அவளை ஏமாற்றியதாகத் தோன்றவில்லை. திருட்டுப் போனதாகவும் தோன்றவில்லை. ஐந்து வருடமாக எத்தனையோ பேர் கூடவே இருந்தார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் இருந்திருக்கவில்லை. அவள் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு நாள் அனுமதி கேட்டுக்கொண்டு முன்னதாகக் கிளம்பி ரயில்வே பார்சல் ஆபீசுக்குப் போனாள். செல்வின் ஜெபராஜ் ஒரு மோட்டார் சைக்கிளைச் சாக்கு சுற்றிக் கட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"சண்டை போட வரல சார்," என்றாள். "உங்க மடல் விலையில்லா மடலா?"

"ஆமா. அதுக்கென்ன?"

பிளாட்பாரத்துக் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்து ஹரிணி சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ," என்றார் கடைசியில், "பவுனு எனக்கு மட்டுந்தான் சாவுதாளா?"

சுகந்தி தன் மடலை எடுத்து நீட்டினாள். "உங்க புஸ்தகத்த நான் படிச்சுப் பாக்கட்டுமா? என்னத நீங்க வச்சுக்கோங்க. நாலஞ்சு நாள் கழிச்சு மாத்திக்கலாம்."

அவர் உடனே தரவில்லை. சட்டைப் பையில் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், திரும்பவும் வைத்தார். பிறகு மடலை எடுத்து, கொடுக்கக் கூடாத ஒன்றைக் கொடுக்கிறவர்போல இரண்டு கையாலும் நீட்டினார்.

வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டதும் படிக்கத் தொடங்கினாள். பெயர் ‘வெள்ளைத்தரை’தான். முதல் சில பக்கங்களும் தெரிந்தவைதான். ஆனால் பவுனு வந்ததும் மற்ற எல்லாரும் சுருங்கிப்போனார்கள். அக்காமார் இருவரும் ஓரிரு வரியோடு கல்யாணமாகிப் போய்விட்டார்கள். உப்பளமே ஒரு ஓரத்தில் வெளுத்துக் கிடந்தது. பவுனு தையல் படிக்க டவுனுக்குப் போகிறாள், ஹாஸ்டலில் காய்ச்சலில் விழுகிறாள். அப்பாவுக்குத் தகவல் தாமதமாக வருகிறது. அவர் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பஸ் வழியில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு பயணமே புத்தகத்தில் பாதிக்கு மேல் போனது. சாலையோரத்து ஒவ்வொரு மரமும் இருந்தது. கஞ்சி ஆறி ஏடு படிவது இருந்தது.

பவுனு எதற்கெடுத்தாலும் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு முறை சொன்னாள். சுகந்தியின் பிரதியில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. பேசும்போது இடது கையால் வலது காதைத் தொட்டுக்கொள்வாள் என்று இருந்தது. அதுவும் சுகந்தியின் பிரதியில் இல்லை. ஐம்பது இடத்தில் அந்தக் காது வந்தது.

சுகந்தி மடலைக் கீழே வைத்தாள். தினமும் எத்தனையோ பேருடைய விலா எலும்பையும் முதுகெலும்பையும் பார்க்கிறவள் அவள். ஒரு மனிதருக்குள் இவ்வளவு தூரம் பார்த்ததில்லை. பார்த்திருக்கக் கூடாது என்றும் தோன்றியது. இது பவுனு இல்லை. இது யாரோ ஒரு பெண். இருந்தவள், இப்போது இல்லாதவள்.

மறுநாள் சென்டரில் ஆள் குறைவாக இருந்த நேரத்தில் அந்தச் சாவை இன்னொரு தடவை படிக்கலாம் என்று பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். பவுனுவுக்குக் காய்ச்சல் சற்றுக் குறைந்திருந்தது. நேற்று சரியாகப் படிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தாள். அப்பா ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். நேற்று அவர் வந்து சேரவே இல்லை. மூட வேண்டும் என்று மனம் சொன்னது, கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அப்பா அறைக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பவுனு மெலிந்துபோய், போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "கஞ்சி கொண்டாந்தியாப்பா?" என்றாள்.

சுகந்தி மடலை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அவள் கண் பட்டதும் அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். செல்வினிடம் இருந்த ஒன்றை, இனி எங்கும் எடுக்க முடியாத ஒன்றை, அவள் படித்தே அழித்துவிட்டாள். வெளியே நோயாளி காத்திருந்தார். எழுந்து போய் மூச்சை இழுக்கச் சொன்னாள். விடச் சொல்ல மறந்து நின்றாள். அவர் இருமிய பிறகுதான் நினைவு வந்தது.

பேசிவைத்த நாள்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. மறுநாள் மாலையே ஸ்டேஷனுக்குப் போனாள். செல்வின் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய மடல் மூடியபடி அவர் மடியில் கிடந்தது.

அவர்தான் முதலில் பேசினார். "மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன சார்?"

"உங்க புஸ்தகத்துல எல்லாரும் வந்துக்கிட்டே இருக்காவ. பவுனு மட்டுமில்ல. பால்காரன் வாரான், போஸ்ட்மேன் வாரான், வழி கேக்க ஒருத்தன் வாரான். ஒவ்வொருத்தனும் கதவத் தட்டுதான், உள்ள வந்து உக்காந்து காப்பி குடிக்கான். நான் சிரிச்சேன் முதல்ல." அவர் நிறுத்தினார். "அப்புறம் சிரிப்பு வரல."

சுகந்திக்கு முகம் சூடானது. நடுத்தெருவில் வீட்டுச் சாமான்களை எடுத்துப் பரப்பியதுபோல் இருந்தது.

"நேத்து மதியத்துலேருந்து," என்றார் அவர், "தட்டுத சத்தம் கேக்கு. திறந்தா யாரும் இல்ல. எல்லாப் பக்கத்துலயும் அப்பிடித்தான். என் கண்ணு அதக் கெடுத்துப்போட்டு. மன்னிச்சிருங்க."

"உங்களோடதயும் நான் கெடுத்துட்டேன் சார்," என்றாள். "அவ சாகல. எழுந்து வந்து கஞ்சி கேக்கா. நான் வேணும்னு செய்யல."

அவர் தன் மடலை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். படிக்கிறவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுகந்தி எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்தாள். செங்கோட்டை வண்டி பற்றி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஷைனின்னு பேரு," என்றார் அவர். "காலேஜ் ஹாஸ்டல்ல. டெங்கு. நான் போய்ச் சேரதுக்குள்ள முடிஞ்சிட்டு. என் சம்சாரம் அதுக்கப்புறம் பெங்களூர்ல பையன் வீட்டுக்குப் போயிட்டா, இங்க இருக்க முடியாதுன்னு." திரையை விரலால் தடவினார். "இந்தப் புஸ்தகத்துல மொதல்ல ஒரு தடவைதான் ‘சரிப்பா, சரிப்பா’ன்னு வந்துது. ஷைனி அப்பிடித்தான் சொல்லுவா. என் கண்ணு அங்க நின்னிருக்கும் போல. அப்புறம் அது விடவே இல்ல. காதத் தொடுறதும் அப்பிடித்தான் வந்துது. எழுதுனவருக்கு எப்பிடித் தெரியும்னு ஆச்சரியப்பட்டேன். ஆண்டவரே சொல்லிக்கொடுத்தாரோன்னுகூட நினைச்சேன்."

அவர் திரையை மறுபடி பார்த்தார்.

"கஞ்சி கொண்டாந்தியாப்பான்னு கேக்கா," என்றார். "அவ அப்பிடிக் கேக்கவே இல்ல மேடம். கேக்க அவ இல்ல. இது அவ இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. மடலை அவள் பக்கம் திருப்பி, "எந்த எடத்துலேருந்து மாறிச்சு? காட்டுங்க," என்றார்.

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவர் கையில் இருந்த மடலின்மேல் குனிந்தாள். திரை ஒருமுறை வெளுத்து மீண்டது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த எழுத்தெல்லாம் வேறாகிவிட்டது. ஹாஸ்டல் இல்லை. கஞ்சி இல்லை. பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு சொல் புதிதாக வந்திருந்தது: மூலம்.

"என்னது இது?" என்றார்.

சுகந்தி தலையை விலக்கினாள். எழுத்துகள் ஓரங்களில் அசையத் தொடங்கின, ஒரு வரியில் ‘அப்பா’ என்ற சொல் முளைத்தது. மறுபடி குனிந்தாள். அது மறைந்தது. ‘மூலம்’ திரும்பி வந்தது.

"ரெண்டு முகம் தெரியுது," என்றாள் மெதுவாக. "யாருக்காக மாத்தணும்னு அதுக்குத் தெரியல சார். அதான் எழுதினவரு எழுதினதையே காட்டுது."

செல்வின் பக்கத்தைப் பின்னால் தள்ளி, பவுனு வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தைத் தேடினார். இருவருமாகப் படித்தார்கள். தோள் இடிக்கக் கூடாதே என்று இருவருமே கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுனு விடிகாலையில் எழுந்து தலைவாரிக்கொள்கிறாள். சாலைக்கு வந்து கை காட்டுகிறாள். பஸ் நிற்கிறது. ஏறுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் அப்பா உப்பு வியாபாரியோடு எடை பற்றிச் சண்டை போடுகிறார். அதற்கடுத்ததில் பெரிய அக்காவின் பிரசவம். கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பவுனுவின் பெயர் திரும்ப வரவே இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் செல்வின்.

"அவ்வளவுதான் போல."

"சாகவும் இல்ல, வரவும் இல்ல. எழுதுனவரு மறந்துட்டாரோ?"

"மறந்த மாதிரி தெரியல. அவ தலை வாருறத ஒரு பக்கம் எழுதியிருக்காரே."

அவர் மடலை மடியில் தாழ்த்தினார். திரையில் அவர் முகம் மட்டும் விழுந்தது. எழுத்து கலங்கத் தொடங்கியதைப் பார்த்ததும் சட்டென்று உள்ளங்கையால் அந்தக் கருப்புப் புள்ளியை மூடிக்கொண்டார். திரை இருண்டது.

"இத வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாப் படிச்சா அவ திரும்ப வந்துருவா," என்றார். "எனக்குத் தெரியும். ஒரு மாசத்துல அதே காது, அதே பேச்சு, எல்லாம் வந்துரும். ஆனா சாவுறதுக்குத்தான் வருவா."

தனக்கும் அப்படித்தான் என்று சுகந்திக்குத் தெரிந்தது. பெருமாள்புரத்து வீட்டில் போய் உட்கார்ந்து திறந்தால், காலிக் கதவுகளுக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஆட்கள் வந்து நிற்பார்கள். அவளுக்குப் பிடித்த மாதிரியே பேசுவார்கள். அது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இப்போதும் மனம் வரவில்லை. மடலை எடுத்துத் தண்டவாளத்தில் எறியும் கோபமும் அவளிடம் இல்லை. இந்த எழுத்தை இவ்வளவு பெரிதாக வேறு எதில் படிப்பது?

"அந்த பஸ் எங்க போயிருக்கும்னு நினைக்கீங்க?" என்று கேட்டார் செல்வின்.

"மதுரைக்கு," என்றாள் உடனே. "அங்க ஒரு வேலை கிடைச்சிருக்கும். நல்லா இருப்பா. இவங்கள நினைச்சே பாக்க மாட்டா."

"அப்பா நினைப்புகூடவா இல்லாம இருப்பா?"

"இல்லாமத்தான் சார். அதனாலதான் ஏறுறப்ப திரும்பிப் பாக்கல."

"திரும்பிப் பாக்கலன்னு எங்க எழுதியிருக்கு? பாத்தான்னும் எழுதல, பாக்கலன்னும் எழுதல."

"பாத்திருந்தா எழுதியிருப்பாரு."

"அப்பிடிச் சொல்லாதீங்க மேடம். எழுதுனவருக்குத் தெரியாமகூடப் பாத்திருப்பா." அவர் குரல் உயர்ந்தது. கூட்டத்தில் கேட்ட அதே குரல். டீ கொண்டுபோனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். "அந்த வரிய எடுங்க. திரும்பப் படிப்போம்."

அவள் மடலை உயர்த்திப் பிடித்தாள். இரண்டு முகமும் விழும்படி அவர் சற்று நெருங்கி வந்தார். அந்த வரியைப் படித்தார்கள். அதில் ஒரு முடிவும் இல்லை. மறுபடியும் படித்தார்கள்.

"முதல்லேருந்தே படிச்சாத்தான் தெரியும்," என்றார் அவர். "உங்களுக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு," என்றாள்.

முதல் பக்கத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் பிரதியிலும் இல்லாத ஒரு நீண்ட பகுதி அங்கே இருந்தது. உப்பில் எத்தனை தரம், எது கல்லுப்பு, எது பொடி, பாத்தியில் எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போனது. அலுப்பாகத்தான் இருந்தது. இருவரும் ஒரு வரி விடாமல் படித்தார்கள்.